தெருச் சீரமைப்பும் பழைய கட்டடங்களின் மறுபயன்பாடும்

நம் நாட்டின் பழைய நகரங்களில் இரண்டு பொதுநோக்கங்கள் ஒரே சுவரின் இரு பக்கங்களில் நின்று ஒன்றோடொன்று மோதுகின்றன. தெரு அகலமாகவும் தூய்மையாகவும், நடப்பவர்க்கு ஏற்றதாகவும், பார்வைக்கு ஒழுங்குடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அத்தெருவின் பழைய கட்டடங்கள் இடிக்கப்படாமல், இக்காலத் தேவைக்குரிய புதிய பயன்பாட்டைப் பெற்று வாழ்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லவையே. ஆயினும், முதல் நோக்கத்திற்காக விதிக்கப்படும் நிபந்தனைகள் சில சமயம் இரண்டாவது நோக்கத்தையே நிறைவேற்ற முடியாததாக்கி விடுகின்றன. பழைய வீட்டைப் புதுப்பித்துக் கடையாகவோ விடுதியாகவோ அலுவலகமாகவோ மாற்ற முன்வரும் உடைமையாளரிடம், முகப்பைப் பின்னுக்குத் தள்ளுக, வாகன நிறுத்தத்திற்கு இடம் விடுக, நடைபாதையை அமைத்துத் தருக என்று அடுக்கிக்கொண்டே போனால், அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டைப் பூட்டிவிடுகிறார். தெருவும் சீர்படுவதில்லை, கட்டடமும் பிழைப்பதில்லை.

பூட்டிய கட்டடத்தின் முடிவு என்னவாகும் என்பதற்கு மும்பையின் எஸ்பிளனேடு மேன்ஷன் சான்றாகும். 1860-களில் வாட்சன் ஓட்டல் என்ற பெயரில் எழுந்த இக்கட்டடம், இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்த இரும்புச் சட்டகங்களால் ஆனது. 1896-இல் லூமியேர் சகோதரர்களின் திரைப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான். பிற்காலத்தில் அது சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, குறைந்த வாடகைக்கு வழக்கறிஞர் அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த கூடமாயிற்று. 2005-ஆம் ஆண்டு ஜூலையில் மாடி முகப்பின் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிர் போயிற்று. 2019-இல் கட்டடம் பாதுகாப்பற்றதெனக் காலி செய்யப்பட்டது. தெருவழியே நடந்து செல்பவரின் உயிருக்கும் பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும். தெருவின் நலன் வேறு, கட்டடத்தின் நலன் வேறு என்று இரண்டு கோப்புகளில் வைத்துப் பார்ப்பது தவறு.

1896-ஆம் ஆண்டு விதி

மும்பைக் கோட்டைப் பகுதியிலுள்ள தாதாபாய் நௌரோஜி சாலை இப்பொருளைக் கற்க முனையும் மாணவருக்குச் சிறந்த பாடப்புத்தகமாகும். ஹார்ன்பி சாலை என்பது அதன் பழைய பெயர். 1860-களில் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் பிரேயரின் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டபின் அகலப்படுத்தப்பட்ட இச்சாலை, கிராஃபோர்டு சந்தையிலிருந்து புளோரா நீரூற்று வரை செல்கிறது. இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் எனப்படும் இரயில் நிலையம் இதன் வழியில் உள்ளது.

இச்சாலையின் இருபுறமும் தரைத்தளத்தில் தொடர்ந்து செல்லும் வளைவுத் தாழ்வாரத்தை அங்கு சென்றவர் மறக்கமாட்டார். கட்டடங்கள் வெவ்வேறு பாணியின. கோத்திக் பாணி, புதுச்செவ்வியல் பாணி, இந்திய-சாரசனிக் பாணி எனப் பலவும் அங்குண்டு. இருந்தும் தெரு ஒரே தெருவாகத் தோன்றுவதற்குக் காரணம் அந்தத் தாழ்வாரமே. அது தற்செயலாக அமைந்ததன்று. 1896-ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட அரசு விதியொன்று, இச்சாலையில் எழும் கட்டடங்கள் தரைத்தளத்தில் நடப்பவர்க்கான வளைவுத் தாழ்வாரம் அமைத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆக, இன்று நாம் மரபுச் செல்வமெனப் போற்றுவது அன்றைய ஒரு தெருச் சீரமைப்பு நிபந்தனையின் விளைவாகும். நிபந்தனை என்றாலே கட்டடத்திற்குப் பகை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அந்த நிபந்தனை ஏன் வெற்றி பெற்றது? முதலாவதாக, அது புதிதாகக் கட்ட முனைந்தவரிடம், அவர் கையில் முதலீடு இருந்த வேளையில் விதிக்கப்பட்டது. இரண்டாவதாக, உடைமையாளர் தரைத்தளத்தில் சில அடி இடத்தை நடப்பவர்க்கு விட்டாரேயன்றி, அதற்கு மேலே மாடிகளைத் தெருவின் எல்லை வரை எழுப்பிக்கொண்டார். வெயிலுக்கும் பருவமழைக்கும் ஒதுங்க நிழல் கிடைத்ததால் தாழ்வாரத்தில் மக்கள் நடமாட்டம் மிகுந்தது. அங்கு நடந்தவர்கள் உள்ளே கடைக்கு வாடிக்கையாளராயினர். கொடுத்ததற்கு ஈடாகப் பெற்றதும் இருந்தமையால் விதி நிலைத்தது. இன்றைய நிபந்தனைகளில் பல, பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க வருபவரிடம், அவர் கையில் பணம் மிகக் குறைவாக உள்ள தருணத்தில், ஈடு எதுவுமின்றிக் கேட்கப்படுகின்றன. வேறுபாடு இதுவே.

தெருக்கோடும் ஒரு கணக்கும்

நகராட்சிச் சட்டங்கள் பலவற்றிலும் தெருக்கோடு என்னும் கருத்து உண்டு. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் தெருவின் ஒழுங்குக் கோட்டை நிர்ணயிக்க ஆணையருக்கு அதிகாரம் அளிக்கிறது. கோட்டிற்கு முன்னே துருத்தி நிற்கும் கட்டடத்தை உடைமையாளர் பெருமளவில் இடித்துக் கட்ட முற்படும்போது, பின்னுக்குத் தள்ளிக் கட்டும்படி கேட்கலாம். தெருவை ஒரே நாளில் வாங்கி இடிக்கப் பணமில்லாத நகராட்சி, காலப்போக்கில் ஒவ்வொரு கட்டடமாகப் பின்வாங்கச் செய்து அகலம் பெறலாம் என்பது இதன் தத்துவம்.

இத்தத்துவத்தைக் கற்பனையான ஓர் எளிய கணக்கால் சோதிப்போம். ஒரு கடைத்தெருவில் 6 மீட்டர் முகப்பும் 20 மீட்டர் ஆழமும் உடைய மனை முழுவதையும் ஓர் ஒருமாடி வீடு அடைத்து நிற்கிறது என்க. இரு தளங்களிலுமாகப் பரப்பு 240 சதுர மீட்டர். தெருக்கோட்டின்படி 1.5 மீட்டர் பின்வாங்க வேண்டுமெனில், ஒரு தளத்திற்கு 9 சதுர மீட்டர், இரு தளங்களுக்கு 18 சதுர மீட்டர் போகும். மொத்தப் பரப்பில் இது 7.5 விழுக்காடுதானே என்று வரைபட மேசையில் தோன்றும்.

ஆனால் பழைய வீடு தூண்களால் நிற்பதன்று, சுவர்களால் நிற்பது. முன்சுவருக்கும் அடுத்த குறுக்குச் சுவருக்கும் இடையே 3 மீட்டர் நீளத்தில் மர உத்தரங்கள் கிடக்கின்றன என்று கொள்வோம். முன்சுவரை எடுத்தால் அந்த உத்தரங்கள் தாங்கலின்றிப் போகும். எனவே தளத்திற்கு 18 சதுர மீட்டர் வீதம் 36 சதுர மீட்டரை அவிழ்த்து மீண்டும் கட்டுதல் வேண்டும். இது 15 விழுக்காடு. இழப்பது 7.5, இடித்துக் கட்டுவது 15. அதிலும் இழக்கும் பகுதி தெருவைப் பார்த்த பகுதியாதலால், வாடகை மதிப்பில் வீட்டின் தலைசிறந்த இடம் அதுவே. வேலைப்பாடு மிக்க முகப்பும் அதனோடு போகிறது. தெருவின் தோற்றத்தை மேம்படுத்தும் பொருட்டு, தெருவின் தோற்றமாக இருந்ததையே இடித்தவராகிறோம். நிலத்திற்கு இழப்பீடு கிடைப்பினும், மீண்டும் கட்டும் தொல்லையும் அந்த மாதங்களின் வாடகை இழப்பும் பெரும்பாலும் உடைமையாளரின் தலையிலேயே விழுகின்றன.

தெருவுக்குக் கிடைப்பது என்ன? 6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பொந்து. இருபுறமும் அண்டை வீடுகள் முன்னே நிற்க, இடையில் பல் விழுந்த வாய் போன்ற இடைவெளியில் எவரும் நடந்து பயன் பெறுவதில்லை. குப்பைத் தொட்டியும் மின்மாற்றிப் பெட்டியும் இருசக்கர வண்டிகளும் அங்கு குடியேறுகின்றன. 240 மீட்டர் நீளமுள்ள தெருவின் ஒரு புறத்தில் இத்தகைய 40 வீடுகள் இருந்து, ஆண்டுக்கு ஒரு வீடு பின்வாங்குமாயின், நடைபாதை முழுமை பெற 40 ஆண்டுகளாகும்.

இதே வீட்டில் முன்சுவரை நிறுத்திக்கொண்டு, தரைத்தளத்தின் திறப்புகளை மட்டும் வளைவுகளாக அகலப்படுத்தி, கடையின் கதவை 1.5 மீட்டர் உள்ளே தள்ளிவைத்தால் என்னாகும்? உடைமையாளர் விடுவது 9 சதுர மீட்டர், அதாவது 3.75 விழுக்காடு. மாடியின் உத்தரங்களை எவரும் தொடுவதில்லை. முகப்பு எஞ்சுகிறது. 1896-ஆம் ஆண்டின் விதி தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கணக்கைப் போட்டிருந்தது. எல்லாத் தெருக்களுக்கும் இது பொருந்தும் என்பதன்று. முன்சுவரின் அடித்தளம் பலவீனமாக இருந்தால் திறப்பை அகலப்படுத்துவது ஆபத்து. அதனை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். எனினும், பின்வாங்கச் சொல்லி ஆணையிடும் முன் இம்மாற்று வழியைக் கோப்பில் ஒருமுறை பரிசீலித்தல் அதிகாரியின் கடமையாகும்.

மரபுக் கட்டடங்களின் பட்டியலில் உள்ளவற்றிற்கு இதில் ஓரளவு விலக்கு உண்டு. மும்பையில் 1995-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மரபுக் கட்டட விதிகள், பட்டியலிட்ட கட்டடங்களைத் தரம் பிரித்து, மாற்றங்களுக்கு மரபுப் பாதுகாப்புக் குழுவின் ஆலோசனையைக் கட்டாயமாக்கின. சாலை விரிவாக்கக் கோடுகள் அத்தகைய கட்டடங்களுக்கு ஊறு செய்யாவண்ணம் அமைதல் வேண்டும் என்னும் கருத்தும் இவ்வகை விதிகளில் இடம் பெற்றது. ஆனால் பட்டியலில் இடம் பெறாத நூற்றுக்கணக்கான சாதாரணப் பழைய வீடுகளால்தான் ஒரு தெரு தெருவாகிறது. அவற்றிற்கு இவ்விலக்குக் கிடைப்பதில்லை.

வாடகை என்னும் அடிப்படை

மறுபயன்பாடு இயலுமா இயலாதா என்பதை இறுதியில் முடிவு செய்வது கலையுணர்வன்று, வருவாய். மும்பையில் 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ஆம் நாளைய வாடகையை அடிப்படையாக வைத்து நியமித்தது. போர்க்கால வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரைக் காக்க எழுந்த அவ்வேற்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. வாடகை உறைந்து நின்றது, சுண்ணாம்பும் மரமும் கூலியும் உறையவில்லை. பழுதுபார்ப்பு நின்றுபோனதால் கட்டடங்கள் ஒவ்வொரு பருவமழையிலும் சரிந்தன. அதனை எதிர்கொள்ளவே 1969-இல் கட்டடப் பழுதுபார்ப்பு வாரியத்திற்கான சட்டம் இயற்றப்பட்டு, பழைய கட்டடங்களின் மீது தீர்வை விதித்து அப்பணத்தில் பழுதுபார்க்கும் முறை வந்தது. தீவு நகரில் 19,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் வரம்பில் வந்தன என்றால் சிக்கலின் பரப்பு விளங்கும்.

2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகை உயர்வுக்கு வழி செய்தது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனமுடைய நிறுமங்கள் ஆகியவற்றிற்கு வாடகைப் பாதுகாப்பையும் விலக்கியது. தாதாபாய் நௌரோஜி சாலை போன்ற வணிகத் தெருக்களுக்கு இரண்டாவது ஏற்பாடு முக்கியமானது. சந்தை வாடகை தரவல்ல ஒரு குடியிருப்பாளர் வந்தால், அந்தக் கட்டடத்தில் பழுதுபார்ப்புக்கு முதன்முறையாகப் பணம் தோன்றுகிறது.

இதற்கு எதிராக இழுக்கும் கயிறும் உண்டு. தீர்வை செலுத்தும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், வழக்கமான அளவை விடக் கூடுதலாகத் தளப்பரப்பு கட்ட விதிகள் அனுமதித்தன. குடியிருப்போருக்குப் புது வீடு, கட்டுநருக்கு விற்பனைக்குரிய தளங்கள். ஒரு கையால் மரபைக் காக்கச் சொல்லி, மறு கையால் இடிப்புக்குப் பரிசளிக்கும் இந்த முரண்பாட்டை மாணவர் கவனித்தல் வேண்டும். இதை ஈடுசெய்ய, மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்னும் ஏற்பாடு மும்பையிலும் அகமதாபாதிலும் மரபுக் கட்டடங்களுக்கு உருவாக்கப்பட்டது. கட்டடத்தைக் காப்பதால் மனையில் எழுப்ப முடியாமற் போகும் தளப்பரப்பை நகரின் வேறொரு பகுதிக்கு விற்று, அப்பணத்தால் பழுதுபார்க்கலாம் என்பது அதன் நோக்கம். அகமதாபாத்தின் மதில் நகரில், இரண்டு மூன்று மாடிகளே உடைய போள் வீடுகளுக்கு இது பொருந்துவதற்கு இடமுண்டு. மனையை முழுவதும் அடைத்து நான்கு ஐந்து தளங்கள் எழுந்துவிட்ட கோட்டைப் பகுதிக் கட்டடத்தில், விற்பதற்கு எஞ்சிய உரிமையே சிறிதளவுதான். ஒரு நகரில் மருந்தாவது மற்றொரு நகரில் வெறும் காகிதமாகிவிடக் கூடும்.

பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கியது

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கிடையில் தாதாபாய் நௌரோஜி சாலையில் நடைபெற்ற பணி, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டியது. 1990-களின் இறுதியில், மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சிக் குழுமத்தின் மரபுப் பாதுகாப்புச் சங்கம் அளித்த நிதியால், பாதுகாப்புக் கட்டடக்கலைஞர் ஆபா நாராயண் லாம்பா இச்சாலையின் முகப்புகளை ஆய்ந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தார். அப்போது வளைவுகளையும் சிற்பத் தூண்களையும் பெரும் பெயர்ப்பலகைகளும் பிளாஸ்டிக் விளக்குப் பெட்டிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் மூடியிருந்தன. நெறிகள் கேட்டது மிகச் சிறிது. பலகை வளைவின் உள்ளே அடங்க வேண்டும், கட்டடத்தின் உறுப்புகளை மறைக்கலாகாது என்பவையே அவற்றின் சாரம். முகப்பைப் பின்வாங்கச் சொல்லவில்லை, வாகன நிறுத்தம் கேட்கவில்லை. மாநகராட்சியின் அறிவிப்பும் நேரில் சென்று எடுத்துரைத்தலும் சேர்ந்து கடைக்காரரை இணங்கச் செய்தன. விளக்குக் கம்பம், இருக்கை போன்ற தெருப் பொருட்கள் தெருவின் இயல்புக்கேற்ப அமைக்கப்பட்டன. உடைமையாளரும் குடியிருப்போரும் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். 2004-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இப்பணிக்குக் கிடைத்தது.

விருதைவிட மதிக்கத்தக்கது பணியின் வரிசை முறை. கடைக்காரர் தாங்கக்கூடிய செலவிலிருந்து அது தொடங்கியது. பலகை நீங்கியவுடன் கல்லின் வெடிப்பும் துருவேறிய இரும்பும் அரசமரக் கன்றின் வேரும் வெளிப்பட்டன. பெரிய பழுதுபார்ப்புக்கான உரையாடல் அதன் பின்னரே உண்மையான விவரங்களோடு நிகழ முடியும். மேலும், தாழ்வாரத்தில் தொழில் நடத்தும் நடைபாதை வியாபாரிகள் என்னும் கேள்வி பலகைகளால் தீரக்கூடியதன்று. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுக்கள் வழியாக இடம் ஒதுக்கும்படி கூறுகிறது. அக்குழுவைக் கலக்காமல் தாழ்வாரத்தைத் துடைத்து வைக்கும் பணி சில வாரங்களே தாங்கும்.

சாலை மட்டம் உயரும் கேடு

விதிகளில் எழுதப்படாத, ஆனால் பழைய கட்டடங்களை வேறெதனைக் காட்டிலும் மிகுதியாகக் கெடுக்கும் ஒன்றைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். சீரமைப்பு என்ற பெயரில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதிய தளம் போடும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. ஒவ்வொரு முறையும் சாலை சில சென்டிமீட்டர் உயர்கிறது. கட்டடத்தின் பீடமோ, கொத்தனார் வழக்கில் பேஸ்மட்டம், இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில சுற்றுக்குப் பின் படியேறிப் போன வீட்டிற்குள் படியிறங்கிப் போகிறோம். மழைநீர் வீட்டிற்குள் வருகிறது.

அடுத்து, நடைபாதைக்காகச் சுவரின் அடிவரை சிமெண்டுக் காரை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் கொண்ட பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளிக்காற்றில் விடும் இயல்புடையது. தரையில் ஈரம் வெளியேற வழியில்லாதபோது அது சுவரின் வழியே மேலேறுகிறது. மேலேறும் ஈரம் உப்பைக் கொண்டுவருகிறது, உப்பு பூச்சை உதிர்க்கிறது. உதிர்ந்த பூச்சை மறைக்கச் சிமெண்டுப் பூச்சு பூசினால், ஈரம் இன்னும் மேலே சென்று மர உத்தரத்தின் முனையைத் தொடுகிறது. உத்தரத்தின் முனை மக்கினால் மாடி இறங்கும். அழகிய நடைபாதை அமைத்த ஒப்பந்தக்காரர் அதற்குள் கணக்கை முடித்துச் சென்றிருப்பார். இவையனைத்தையும் தவிர்க்க ஆகும் செலவு பெரிதன்று. புதிய தளத்திற்கு முன் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்தல், சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்திற்குக் கெட்டித் தளமின்றி சரளையோ இடைவெளி விட்டுப் பதித்த கல்லோ அமைத்தல், வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஆழமில்லாத பழைய அடித்தளங்களின் அருகே சிறு சிறு பகுதிகளாகத் தோண்டி உடனுக்குடன் மூடுதல் ஆகியவையே அவை. ஒப்பந்தப் பத்திரத்தில் இம்மூன்றும் தனித்தனி இனங்களாக எழுதப்பட்டிருந்தால்தான் களத்தில் நடக்கும்.

டெல்லியும் புதுச்சேரியும்

டெல்லியின் சாந்தினி சௌக், 17-ஆம் நூற்றாண்டில் ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த கடைவீதி. செங்கோட்டையின் பக்கத்திலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்திற்கு அது சீரமைக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தலைக்கு மேல் வலைபோல் பின்னிக் கிடந்த மின்கம்பிகள் நிலத்தடிக்குச் சென்றன. சிவப்புக் கல் பதித்த அகன்ற நடைபாதைகள் அமைந்தன. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நடப்பவர்க்கு இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. சரக்கு இரவில் மட்டுமே வரலாம் என்றானபின், மாடிகளையும் உள்முற்றங்களையும் கிடங்காக வைத்திருப்பது வணிகருக்கு முன்போல் எளிதன்று. கிடங்குகள் வெளியேறினால் ஹவேலிகள் வேறு பயன்பாட்டிற்கு விடுபடும் என்று நம்ப இடமுண்டு. அவ்வாறு விடுபடும் ஹவேலியை எடுத்து நடத்த முன்வருபவருக்குப் பழுதுபார்ப்பு நிதியும், படிக்கட்டு, தீத்தடுப்பு ஆகியவற்றில் பழைய அமைப்பிற்கேற்ற மாற்று வழியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தெருவுக்குப் பொதுப்பணம் கொடுத்த திட்டம், சுவருக்குப் பின்னே உள்ளதை உடைமையாளரின் பாட்டிற்கு விட்டுவிடுவது பாதி வேலையாகும்.

புதுச்சேரியில் வரிசை வேறுவிதமாக இருந்தது. அங்குள்ள தமிழ்ப் பகுதித் தெருக்களில் வீடு தெருவோடு முடிவதில்லை. தூண்கள் தாங்கிய ஓட்டுச் சரிவுடைய தாழ்வாரம் தெருவின் மேல் நிழல் விரிக்க, அதன் பின்னே வழிப்போக்கர் அமரும் திண்ணை, அதன் பின்னே வாயில், முற்றம் என வீடு விரிகிறது. நகராட்சியின் கண்ணோட்டத்தில் தாழ்வாரம் தெருவில் செய்த ஆக்கிரமிப்பு. ஊராரின் கண்ணோட்டத்தில் அதுவே நடைபாதை. ஒரு வீட்டார் தாழ்வாரத்தை இடித்து, மேலும் கீழும் நேராகக் காரைச் சுவர் எழுப்பினால் தெருவின் நிழல் அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

வைசியாள் வீதி என்று வழங்கும் கல்வே சுப்பராய செட்டி வீதியில், 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசிய நகர உதவித் திட்டத்தின் கீழ் ஒரு முயற்சி நடந்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நேவ்-சுர்-லாட்டும் பங்கேற்ற இத்திட்டத்தில், இந்தியத் தேசியக் கலை பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் புதுச்சேரிக் கிளை தெருவின் முகப்புகளை வீடு வீடாகச் சீரமைத்தது. செலவைத் திட்டமும் உடைமையாளரும் பகிர்ந்துகொண்டனர். முற்றம் உடைய பெரிய வீடுகள் சில விருந்தினர் விடுதிகளாகப் பயன் மாறின. 2008-இல் இதற்கும் யுனெஸ்கோ விருதொன்று கிடைத்தது. தெருவின் தோற்றத்தைப் பொதுநலன் என்று அரசு கூறுமாயின், அப்பொதுநலனுக்கான செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது முறை என்பதை அங்குச் செய்து காட்டினர். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த புதுச்சேரி மேரி கட்டடத்தை அதே வடிவில் மீண்டும் எழுப்பி 2021-இல் திறக்க உலக வங்கியின் நிதி உதவியிருந்தது. தனியார் வீடு இடிந்தால் அதனை மீண்டும் அவ்வடிவில் எழுப்ப எந்த வங்கியும் வரப்போவதில்லை. ஆதலின் தனியார் வீட்டைப் பொறுத்தவரை, இடிவதற்கு முன் தரும் சிறு தொகையே பெருந்தொகையாகும்.

எதனை யாரிடம் கேட்பது

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது இந்திய சாலைப் பேரவையின் நெறி. நெருக்கமான தெருவில் இவ்வளவு இடம் இல்லை என்றவுடன் பார்வை கட்டடத்தின் முகப்பின் மேல் செல்கிறது. அதற்குமுன் ஓர் அலுவலர் அளவுநாடாவுடன் தெருவில் நடந்து, மின்பெட்டி, பயன்படாத கம்பம், விளம்பரத் தூண், நிறுத்திய கார் ஆகியவை எத்தனை மீட்டரை விழுங்கியுள்ளன என்று குறித்து வரட்டும். பல தெருக்களில் தேடிய அகலம் அங்கேயே கிடைக்கும். கார் நிறுத்தத்திற்கு ஒதுக்கிய ஒரு வரிசையை எடுத்தாலே 2 மீட்டருக்கு மேல் மீளும். அதை எடுப்பது கட்டடத்தை வெட்டுவதைவிட அரசியலில் கடினம் என்பதும் மெய்யே.

பயன்பாட்டு மாற்றத்திற்கான மனுவில் கேட்கப்படும் நிபந்தனைகளை அதிகாரி இருவகையாகப் பிரித்துக்கொள்ளலாம். உயிர்க் காப்பு தொடர்பானவை ஒருவகை. சுவரின் உறுதி, தப்பிச் செல்லும் வழி, மின்னிணைப்பு, மாடத்தின் பிடிப்பு ஆகிய இவற்றில் தளர்வு கூடாது. எஸ்பிளனேடு மேன்ஷனை நினைவில் வைத்தல் போதும். தோற்றமும் வசதியும் தொடர்பானவை மறுவகை. முகப்பின் வண்ணம், பலகை, நடைபாதைக் கல், மரம், வாகன நிறுத்தம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை வருவாய் தொடங்கியபின் இரண்டு மூன்று ஆண்டுகளில் தவணையாகக் கேட்கலாம். மனையின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றை நகராட்சியே ஏற்கலாம். பழைய மனையில் வாகன நிறுத்தம் கேட்பது பெரும்பாலும் முன்கூடத்தை இடிக்கச் சொல்வதற்குச் சமம். அதற்கு ஈடாக ஒரு தொகையைப் பெற்று அருகில் பொது நிறுத்தம் அமைப்பதே பொருத்தம்.

தளர்வு கொடுத்தால் எல்லாரும் அதனையே கேட்பார்கள் என்று அலுவலகங்களில் ஓர் அச்சம் உண்டு. அது நியாயமான அச்சமே. மாடியில் ஒரு பழைய தூணை வைத்துக்கொண்டு பின்னே ஆறு தளங்கள் எழுப்பி, மரபுக் கட்டடம் என்ற பெயரில் சலுகை பெறுவோரும் இருப்பர். எனவே தளர்வு, இருக்கும் சுவரும் தளமும் கூரையும் பெரும்பகுதி எஞ்சும் பணிக்கு மட்டுமே என்று அளவோடு எழுதப்படுதல் வேண்டும். எந்த அளவு என்பதைப் பணி தொடங்குமுன் எடுத்த அளவு வரைபடமும் ஒளிப்படங்களும் கோப்பில் இருந்தால்தான் பின்னர் சரிபார்க்க முடியும். நம் நகராட்சிகளில் பலவற்றில் பழைய தெருக்களின் இத்தகைய வரைபடம் இன்னும் எடுக்கப்படவில்லை. 2015-இல் தொடங்கி 2019 மார்ச்சில் முடிந்த மரபு நகர வளர்ச்சித் திட்டமான ஹிருதய், 12 நகரங்களுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுபோன்ற நிதி மறுமுறை வரும்போது, விளக்குக் கம்பம் வாங்குவதற்கு முன் தெருவின் இருபுற முகப்புகளையும் பீட மட்டங்களையும் அளந்து வரையும் வேலைக்கு அதில் முதல் தவணையை ஒதுக்கலாம். கட்டடக்கலை மாணவர் ஒரு குழுவாகச் சேர்ந்தால் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு தெருவை அளந்து முடித்துவிடக் கூடும்.